சித்திரக்கதை சேகரிப்போம்: பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டல், பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம்



ஆண்டு விழா மலர் என்றால் தமிழின் தொன்மையையும் தமிழரின் பெருமையையும் எடுத்தியம்பும் கட்டுரைகள் அதில் இடம்பெறுவது மரபு. அம்மரபில் நாம் குறை காணவில்லை. ஆயினும் இம்முறை, பெற்றோருட் சிலர் முகம் சுளிக்கக்கூடிய ஒரு பொருளைப் பற்றி எழுதத் துணிந்துள்ளோம். பிள்ளைகள் 'கொமிக்ஸ்' என்று சொல்லும் சித்திரக்கதைப் புத்தகங்களைச் சேகரிப்பதே அப்பொருள்.

இத்துணிவு எமக்கு எங்ஙனம் வந்தது என்பதை முதலிற் கூறிவிடுகின்றோம். ஒரு சனிக்கிழமை வகுப்பில் பன்னிரண்டு வயது மாணவன் ஒருவன் தமிழ்ப் பாடநூலின் நடுவே ஓர் ஆங்கிலச் சித்திரக்கதையை ஒளித்து வைத்து வாசித்துக்கொண்டிருந்தான். கேட்ட கேள்விக்கு 'ஓம்', 'இல்லை' என்பதற்கு மேல் ஒரு சொல்லும் தமிழிற் பேசாத பிள்ளை அவன். புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, "இது என்ன கதை?" என்று சற்றுக் கடுமையாகவே கேட்டோம். "சேர், இது நாலாவது புத்தகம். முதல் மூண்டும் என்னட்டை இல்லை. அதாலை இவர் ஏன் கோபமா இருக்கிறார் எண்டு எனக்கு இன்னும் தெரியாது" என்றான். அதன் பின்னர் அக்கதையின் நாயகன் யார், பகைவன் யார், முதல் மூன்று இதழ்களையும் எங்கே தேடுகின்றான் என்பவற்றையெல்லாம் பத்து நிமிடங்கள் இடைவிடாது சொன்னான். ஆங்கிலச் சொற்கள் இடையிடையே வந்து விழுந்தன. ஆனால் அவன் பேசியது தமிழ்.

அன்று எமக்கு ஓர் உண்மை புலனாயிற்று. அப்பிள்ளையிடம் தமிழ் இருந்தது. தமிழிற் சொல்வதற்குத் தனக்கென்று ஒரு செய்தி மட்டுமே அவனிடம் அதுவரை இல்லாதிருந்தது. அச்செய்தியைக் கொடுத்தது நாம் பறிமுதல் செய்த புத்தகம். அன்று மாலை அதனை அவனிடம் திருப்பிக் கொடுத்தோம். இக்கட்டுரை அதன் தொடர்ச்சியாகும்.

அச்சம் புதியதன்று

'சித்திரக்கதை வாசித்தால் படிப்புக் கெட்டுவிடும்' என்பது எம்மவரின் நெடுநாளைய நம்பிக்கை. அது எம்மவருக்கு மட்டும் உரியதுமன்று. நாம் வாழும் இக்கனடாவிலேயே 1949ஆம் ஆண்டில் குற்றச் சித்திரக்கதைகளை அச்சிடுவதையும் விற்பதையும் குற்றமாக்கும் சட்டத்திருத்தம் நிறைவேறியது. டேவி ஃபுல்ற்றன் என்னும் நாடாளுமன்ற உறுப்பினர் அதனை முன்மொழிந்தார். அவ்விதி குற்றவியற் சட்டக்கோவையிலிருந்து நீக்கப்பட்டது 2018ஆம் ஆண்டிலேதான். ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் அது ஏட்டில் இருந்தது என்பதைப் பிள்ளைகள் அறிந்தால் வியப்படைவர்.

அயல்நாடான அமெரிக்காவில் 1954ஆம் ஆண்டு பிரடெரிக் வேர்தம் என்னும் மனநல மருத்துவர், சிறுவர்கள் தீய வழியிற் செல்வதற்குச் சித்திரக்கதைகளே காரணம் என்று ஒரு நூல் எழுதினார். அதே ஆண்டில் அந்நாட்டுச் செனற் சபையின் துணைக்குழு இதனை விசாரித்தது. அஞ்சிய பதிப்பாளர்கள் தமக்குத் தாமே ஒரு கடுமையான தணிக்கை விதியை வகுத்துக்கொண்டனர். பல பதிப்பகங்கள் மூடப்பட்டன. பல ஆண்டுகள் கழித்து, வேர்தமின் ஆய்வுக் குறிப்புகள் ஆராய்ச்சியாளரின் பார்வைக்குத் திறந்துவிடப்பட்டன. அவற்றை ஆராய்ந்த பேராசிரியர் கரோல் டில்லி, வேர்தம் தம்மிடம் வந்த சிறுவர்களின் கூற்றுகளையும் விபரங்களையும் தமது முடிவுக்கு ஏற்ப மாற்றியும் கூட்டியும் குறைத்தும் எழுதியிருந்தார் என்பதை 2012ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினார்.

இதனாற் சித்திரக்கதைகள் யாவும் நல்லவை என்று நாம் வாதிட வரவில்லை. நாவலில் நல்லதும் உண்டு, கழிவும் உண்டு. திரைப்படத்திலும் அவ்வாறே. சித்திரக்கதையும் அவற்றைப் போன்ற ஓர் ஊடகம். யூத மக்கள் அனுபவித்த நாசிக் கொடுமையை எலிகளும் பூனைகளுமாக வரைந்து காட்டிய ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மௌஸ்' என்னும் சித்திரக்கதைக்கு 1992ஆம் ஆண்டில் புலிட்சர் சிறப்புப் பரிசு வழங்கப்பட்டது. போரினதும் அகதி வாழ்வினதும் கதைகளைப் பிள்ளைகளுக்கு எங்ஙனம் சொல்வது என்று தடுமாறும் எமது தலைமுறை, அந்நூலை ஒரு முறையேனும் புரட்டிப் பார்த்தல் நன்று. பிள்ளையின் கையில் இருப்பது எத்தகைய கதை என்று பார்த்துத் தெரிவு செய்ய உதவுவது பெற்றோர் கடன். பாராமலே பறிப்பது கடனாகாது.

எமது றங்குப்பெட்டிகள்

பெற்றோரே, சற்றுப் பின்னோக்கிப் பாருங்கள். நாமும் ஒரு காலத்திற் சித்திரக்கதை வாசித்தவர்கள்தாம். 1972ஆம் ஆண்டு சனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதலாவது இதழ் வெளிவந்தது. அதில் வந்த இரும்புக்கை மாயாவியை எம்மிற் பலர் இன்றும் மறக்கவில்லை. 1984ஆம் ஆண்டில் லயன் காமிக்ஸ் வந்தது. அதே ஆண்டில் ராணி காமிக்ஸ் தொடங்கி 2005 வரை வெளிவந்தது. அம்புலிமாமாவைப் படம் பார்ப்பதற்காகவே கையில் எடுத்து, படத்தின் கீழிருந்த எழுத்துகளைக் கூட்டி வாசித்துத் தமிழ் பழகியவர் எம்மிடையே எத்தனை பேர்!

அப்புத்தகங்கள் எங்கே? கட்டிலின் கீழே றங்குப்பெட்டியில் அடுக்கி வைத்திருந்தோம். சில கரையானுக்கு இரையாயின. சில கடலை சுற்றப் போயின. இடம்பெயர்ந்த நாளில், எடுத்துச் செல்ல வேண்டியவற்றின் பட்டியலில் சித்திரக்கதைக்கு இடமிருக்கவில்லை. வீடு இருந்த இடமே அழிந்தபோது பெட்டியைப் பற்றி யார் கவலைப்பட்டார்? இழந்தவற்றின் வரிசையில் அது மிகச் சிறிய இழப்பே. எனினும் இன்று ஏதேனும் ஒரு பழைய அட்டைப்படத்தைத் தற்செயலாகக் காணும்போது எம் நெஞ்சில் எழும் அசைவு அதன் மதிப்பை எமக்கு உணர்த்துகின்றது.

பழஞ் சித்திரக்கதைகள் கிடைத்தற்கரியவை ஆனதன் காரணமும் இதுவே. சுப்பர்மான் முதன்முதலில் தோன்றிய 'அக்ஷன் கொமிக்ஸ்' முதலாவது இதழ் 1938ஆம் ஆண்டிற் பத்துச் சதத்திற்கு விற்கப்பட்டது. அச்சாகிய பெருந்தொகைப் பிரதிகளில் ஏறத்தாழ நூறு மட்டுமே இன்று எஞ்சியிருப்பதாக மதிப்பிடப்படுகின்றது. ஏனையவை வாசித்தபின் எறியப்பட்டன, அல்லது போர்க்காலக் கடதாசிச் சேகரிப்பிற் கூழாயின. அவ்வாறு எஞ்சிய ஒரு பிரதி 2024 ஏப்ரலில் 60 இலட்சம் அமெரிக்க டொலருக்கு ஏலம் போனது.

பொருளாசை வேண்டா

இத்தொகையைக் கேட்டதும், 'அப்படியாயின் நாமும் வாங்கி வைப்போமே' என்று எண்ணுகின்ற தந்தையர் இருக்கக்கூடும். அவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இவ்வெண்ணம் 1990களின் தொடக்கத்தில் வட அமெரிக்கா எங்கும் பரவியிருந்தது. 1991ஆம் ஆண்டு வெளிவந்த 'எக்ஸ்-மென்' முதலாவது இதழ் 80 இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்பனையாகியது. 1992 நவம்பரில், சுப்பர்மான் மடிவதைச் சொல்லும் 75ஆவது இதழ் கறுப்பு உறையில் இட்டு விற்கப்பட்டது. மக்கள் வரிசையில் நின்று வாங்கினர். உறையைப் பிரித்தால் விலை குறைந்துவிடும் என்றெண்ணி, கதையை வாசியாமலே பூட்டி வைத்தோர் பலர். எல்லோரும் ஒன்றையே வாங்கி எல்லோரும் பத்திரப்படுத்தினால் அது அருமைப்பொருள் ஆவது எங்ஙனம்? சந்தை சரிந்தது. எத்தனையோ கடைகள் மூடப்பட்டன. மார்வெல் நிறுவனமே 1996 டிசம்பரில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. அவ்விதழ்களிற் பெரும்பாலானவற்றை இன்றும் சில டொலருக்கு வாங்கலாம்.

எனவே மாணவர்களே, சேகரிப்பின் முதல் விதி இது: வாசிக்க விரும்பாத புத்தகத்தை வாங்காதீர். விலை ஏறும் என்று வாங்கிய புத்தகம் விலை ஏறாவிடின் வெறுங் கடதாசி. விரும்பி வாங்கிய புத்தகம் விலை ஏறினாலும் ஏறாவிட்டாலும் உம்முடைய புத்தகமே.

எதிலிருந்து தொடங்குவது?

கடைக்குச் சென்றால் ஆயிரக்கணக்கான இதழ்கள் கண்ணைப் பறிக்கும். எல்லாவற்றையும் சேர்க்க முனைந்தால் பணமும் போதாது, இடமும் போதாது, ஆர்வமும் மூன்று மாதத்தில் வற்றிவிடும். ஆதலால் ஓர் இழையைப் பற்றிக்கொள்ள வேண்டும். நாம் நான்கு இழைகளை முன்வைக்கின்றோம்.

முதலாவது, ஒரு நாயகன் அல்லது நாயகியைப் பின்தொடர்தல். இதுவே யாவர்க்கும் எளிது. ஆயினும் முதலாவது இதழிலிருந்து எல்லாவற்றையும் தேட வேண்டா. பழைய இதழ்களைத் தொகுத்துப் பெரிய நூலாக வெளியிடுகின்றனர். தொடக்கக் கதைகளை அத்தொகுப்பில் வாசித்துவிட்டு, இன்று வரும் இதழிலிருந்து சேகரிக்கலாம்.

இரண்டாவது, ஓர் ஓவியரைப் பின்தொடர்தல். ஒரே ஓவியரின் கைவண்ணம் ஆண்டுக்கு ஆண்டு எப்படி முதிர்கின்றது என்பதைக் காணும் பிள்ளைக்குக் கண் பழகும். சித்திரம் வரைய விரும்பும் மாணவர்க்கு இது நல்ல பள்ளிக்கூடம்.

மூன்றாவது, ஒரு நாட்டின் கதைகளைச் சேர்த்தல். நாம் வாழும் நாட்டுக்கே இதில் அரிய வரலாறு உண்டு. சுப்பர்மானை வரைந்த ஜோ ஷஸ்டர் 1914ஆம் ஆண்டில் ரொறன்ரோவிற் பிறந்தவர். ஐரோப்பாவிலிருந்து வந்த யூதக் குடியேறிகளின் பிள்ளை. சிறு வயதில் இந்நகரிற் செய்தித்தாள் விற்றவர். அவரும் நண்பர் ஜெரி சீகலும் படைத்த நாயகன் யார்? அழிந்துபோன உலகிலிருந்து பெற்றோரால் அனுப்பப்பட்டு, அந்நிய மண்ணில் இரு பெயர்களோடு வளர்ந்த ஒரு பிள்ளை. எமது வகுப்பிலுள்ள பிள்ளைகளுக்கு இக்கதை ஏன் பிடிக்கின்றது என்பதை நாம் விளக்கவும் வேண்டுமோ? அந்நாயகனின் உரிமையை அவ்விருவரும் 1938இல் 130 டொலருக்கு விற்றுவிட்டனர் என்பதும் பிள்ளைகள் அறிய வேண்டிய செய்தியே.

இரண்டாம் உலகப் போரின்போது, அந்நியச் செலாவணியைச் சேமிக்கும் பொருட்டு 1940 டிசம்பரிற் கனடிய அரசு கொண்டுவந்த சட்டத்தால் அமெரிக்கச் சித்திரக்கதைகள் இங்கு வருவது நின்றது. அவ்வெற்றிடத்தில் 1941 முதற் கனடியர் தாமே சித்திரக்கதைகள் படைத்தனர். அட்டை வண்ணத்திலும் உள்ளே கறுப்பு வெள்ளையிலும் இருந்தமையால் அவற்றைக் 'கனடிய வெள்ளைகள்' என்று அழைத்தனர். வடதுருவத்து வீராங்கனை நெல்வானாவை ஏட்றியன் டிங்கிள் 1941இற் படைத்தார். போர் முடிந்து அமெரிக்க இதழ்கள் மீண்டும் வந்ததும் அவ்விதழ்கள் மறைந்தன. 1975இற் 'கப்டன் கனக்' என்னும் மேப்பிள் இலை நாயகன் தோன்றினான். சுப்பர்மான், நெல்வானா, கப்டன் கனக் ஆகியோருக்கு 1995ஆம் ஆண்டு கனடிய அஞ்சற்சேவை முத்திரை வெளியிட்டது. தபால் முத்திரை சேகரிக்கும் பிள்ளைகள் இரண்டு பொழுதுபோக்கையும் ஒன்றாக்கலாம்.

நான்காவது இழை எமக்கு மிக உவப்பானது. ஒரே நாயகனின் கதையைத் தமிழிலும் மூல மொழியிலும் சேர்த்து வைத்தலே அது. இரும்புக்கை மாயாவி தமிழ்நாட்டிற் பிறந்தவனல்லன். 1962ஆம் ஆண்டு இங்கிலாந்தில் 'வேலியன்ற்' என்னும் வார இதழிற் பிறந்தவன். லூயிஸ் கிராண்டல் என்பது அவன் பெயர். ஆய்வுகூட விபத்திற் கையை இழந்து உருக்குக் கை பொருத்தப்பட்டவன். மின்சாரம் பாய்ந்தால் அக்கை தவிர உடல் முழுதும் மறைந்துவிடும். அவனை வரைந்த யேசூஸ் பிளாஸ்கோ ஸ்பெயின் நாட்டு ஓவியர். லயன் காமிக்ஸ் மூலம் தமிழர் அறிந்த ஸ்பைடர் கதைகள் பலவற்றை ஆங்கிலத்தில் எழுதியவர், சுப்பர்மானைப் படைத்த அதே ஜெரி சீகல். இன்னும் பிரெஞ்சு மொழிக் கதைகளான லக்கி லூக், இத்தாலியக் கதையான டெக்ஸ் வில்லர் ஆகியனவும் தமிழில் வந்துள்ளன. பாடசாலையிற் பிரெஞ்சு படிக்கும் பிள்ளை லக்கி லூக்கைப் பிரெஞ்சில் வாசித்துவிட்டுத் தமிழில் வாசித்தால், ஒரு நகைச்சுவை மொழி மாறும்போது என்னவாகின்றது என்பதைத் தானே கண்டுபிடிக்கும். இதனை எந்தப் பாடநூலாலும் கற்பிக்க இயலாது.

தமிழ்ச் சித்திரக்கதையின் பயன் ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். எமது பாடநூல்களிற் பிள்ளைகள் காண்பது எழுத்துத் தமிழ். அம்மம்மாவிடம் கேட்பது பேச்சுத் தமிழ். இரண்டிற்கும் இடையே பாலமின்றிப் பிள்ளை திகைக்கின்றது. சித்திரக்கதையில் ஒருவர் மற்றொருவரோடு உரையாடுவது எழுத்தில் இருக்கின்றது. பேசுபவரின் முகம் அருகில் இருக்கின்றது. சினமா, பயமா, கேலியா என்பதைப் படம் சொல்லிவிடுகின்றது. அறியாத சொல் ஒன்று வந்தால் அகராதி தேடாமலே பொருளை ஊகிக்க முடிகின்றது. வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரம் மட்டுமே தமிழ் படிக்கும் பிள்ளைக்கு இது சிறிய உதவியன்று.

வாங்கும் முறை

முதலில் நூலகத்திற்குச் செல்லுங்கள். ரொறன்ரோ பொது நூலகக் கிளைகளிற் சித்திரக்கதைகள் உண்டு. அங்கே வாசித்து, எது பிடிக்கின்றது என்று அறிந்த பின்னர் வாங்குங்கள். மாதத்திற்கு இவ்வளவு என்று கைப்பணத்தில் ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். அவ்வரம்பைத் தாண்டி அப்பாவிடம் அடம்பிடிப்பவர் சேகரிப்பாளர் ஆகார். காத்திருந்து தேடிப் பெறும் இன்பமே இப்பொழுதுபோக்கின் பாதி.

பழைய இதழ் வாங்கும்போது சிலவற்றைக் கவனிக்க வேண்டும். நடுப்பக்கத் தாள் கழன்றிருக்கின்றதா, பக்கம் ஏதும் குறைகின்றதா, யாரேனும் கூப்பனை வெட்டியெடுத்துள்ளனரா, தாள்களைப் பிணைக்கும் கம்பிகள் துருவேறியுள்ளனவா என்று பாருங்கள். இதழின் எண்ணும் ஆண்டும் அட்டையிலோ உட்பக்கத்தின் அடியில் உள்ள சிறிய எழுத்துகளிலோ இருக்கும். மறுபதிப்பா முதற்பதிப்பா என்பதும் அங்கேயே தெரியும். வாசிப்பதற்காக மட்டும் வாங்குபவர் மறுபதிப்பை வாங்குதல் அறிவுடைமை. கதை ஒன்றுதான், விலை மிகக் குறைவு. இரண்டு பிரதிகள் இருந்தால் நண்பருடன் மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றும்போது நேர்மை வேண்டும். கிழிந்த பக்கத்தை மறைத்துக் கொடுப்பவர் ஒரு புத்தகத்தைப் பெற்று ஒரு நண்பரை இழப்பார்.

பேணும் முறை

பழஞ் சித்திரக்கதைகள் பெரும்பாலும் செய்தித்தாளுக்குரிய மலிந்த கடதாசியில் அச்சானவை. மரக்கூழிலிருந்து செய்த அக்கடதாசியில் 'லிக்னின்' என்னும் பொருள் நீங்காமல் இருக்கின்றது. ஒளியும் காற்றும் பட அது மஞ்சளாகி, அமிலம் பெருகி, கடதாசி அப்பளம் போல நொறுங்கத் தொடங்கும். இதனை முற்றாகத் தடுக்க இயலாது. தாமதிக்கச் செய்யலாம்.

புத்தகத்தைத் தொடுமுன் கையைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். யன்னலோரத்தில் வெயில் படும்படி வைக்காதீர்கள். எமது வீடுகளிற் பழைய பொருட்களுக்கு இடம் நிலக்கீழ் அறைதான். ஆனால் கோடையில் அங்கே ஈரம் ஏறும், பூஞ்சணம் பிடிக்கும். நிலத்தில் வைத்தால் ஒரு நாள் நீர்க்குழாய் உடையும்போது எல்லாம் போய்விடும். படுக்கையறை அலுமாரியின் மேற்தட்டே சிறந்த இடம். சூடாக்கியின் அருகிலும் வேண்டா. பொலிபுரொப்பிலீன் உறையும் அமிலமற்ற மட்டையும் சித்திரக்கதைக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். உறைக்குள் மட்டையை வைத்து, அதன்மேற் புத்தகத்தை வைத்து, பெட்டியில் நிமிர்த்தி அடுக்குங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தால் அடியிலுள்ளவை வளையும். கிழிந்த பக்கத்திற் சாதாரண ஒட்டுநாடாவை ஒட்டவே வேண்டா. சில ஆண்டுகளில் நாடா பழுப்பாகிக் கறை நிலைத்துவிடும். இறப்பர் வளையம் போட்டுக் கட்டினால் விளிம்பு வெட்டுப்படும். உங்கள் பெயரை அட்டையிற் பேனாவால் எழுதாதீர்கள். உறையின் மேல் எழுதுங்கள்.

ஒரு குறிப்பேடு

இவற்றினும் முக்கியமான ஒன்றைச் சொல்கின்றோம். ஒரு குறிப்பேடு வாங்குங்கள். சேகரிக்கும் ஒவ்வொரு புத்தகத்திற்கும் அதிற் சில வரிகள் எழுதுங்கள். பெயர், இதழ் எண், ஆண்டு, கதாசிரியர், ஓவியர், எங்கே வாங்கியது, என்ன விலை, எந்நிலையில் உள்ளது. இறுதியில் இரண்டே இரண்டு வசனங்களில் உங்கள் கருத்து. இவை யாவும் தமிழில் இருக்கட்டும்.

'நாயகன் நல்லவன், கதை நன்று' என்று எழுதினால் ஏற்கமாட்டோம். எது நன்று, ஏன் நன்று என்று எழுத வேண்டும். புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தாலும் குறிப்பு தமிழில் இருந்தால் அது தமிழ்ப் பயிற்சியே. நாம் முன்னர் குறிப்பிட்ட மாணவனுக்கு இதையே சொன்னோம். முதற் குறிப்பில் ஐந்து எழுத்துப் பிழைகள் இருந்தன. நாம் திருத்தவில்லை. பத்தாவது குறிப்பை எழுதும்போது அவனே முதற் குறிப்பைத் திருத்திக்கொண்டு வந்தான். அவன் தேடிய மூன்று இதழ்களில் இரண்டு கிடைத்துவிட்டன. மூன்றாவதை அவனுடைய மாமா ஒருவர் தேடித் திரிகின்றார்.

பெற்றோரே, உங்களிடம் நாம் வேண்டுவதும் இங்கேதான் இருக்கின்றது. அக்குறிப்பேட்டை வாசியுங்கள். நீங்கள் வாசித்த மாயாவியைப் பற்றிச் சொல்லுங்கள். வேலை முடிந்து களைத்து வரும் தந்தைக்கும் மகனுக்கும் இடையே 'சாப்பிட்டியோ, வீட்டுப்பாடம் முடிஞ்சுதோ' என்பதற்கு மேல் ஒரு பேச்சு வேண்டாமா?

எதற்காகச் சேகரிப்பது?

காரைக்குடிக்கு அருகிலுள்ள கோட்டையூரில் ரோஜா முத்தையா என்றொருவர் வாழ்ந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பெருஞ் செல்வர் அல்லர். நூல்களோடு வார இதழ்கள், நாடக அறிவித்தல்கள், அழைப்பிதழ்கள் என்று பிறர் எறிகின்ற அச்சுத் தாள்களையும் அவர் சேர்த்தார். 1992ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது அவரது சேகரம் ஏறத்தாழ ஓர் இலட்சம் என்று கணிக்கப்பட்டது. சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் துணையுடன் அச்சேகரத்தைக் கொண்டு 1994இற் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. தமிழ் அச்சு வரலாற்றை ஆராய்வோர் அந்நூலகத்தை நாடுகின்றனர். 'இந்தக் குப்பை எதற்கு?' என்று கேட்டவர்களின் பேச்சை அவர் கேட்டிருந்தால் அது இல்லை.

மறுபுறத்தில், 1981ஆம் ஆண்டு யூன் முதலாம் திகதி அதிகாலையில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்துகொண்டிருந்ததை எமது இனம் மறவாது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றுட் சிலவற்றுக்கு மறுபிரதி உலகில் எங்குமே இல்லை. 2005ஆம் ஆண்டிலிருந்து நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தை உருவாக்கிய ஆர்வலர்கள் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் வருடிப் பாதுகாக்க முன்வந்தபோது, தனியார் வீடுகளில் தப்பியிருந்த பிரதிகள் எத்துணை உதவின! ஒரு பெரிய நூலகம் எரிந்தாலும் நூறு சிறிய அலுமாரிகள் மிஞ்சும். பிள்ளைகளிடம் சேகரிக்கும் பழக்கத்தை வளர்க்க வேண்டுமென்று நாம் சொல்வதன் உட்கிடை இதுவே. இன்று பத்து வயதிற் சித்திரக்கதையை உறையிலிட்டு, எண்ணிட்டு, குறிப்பெழுதிப் பேணப் பழகும் பிள்ளை, நாளை அம்மம்மாவின் கடிதங்களையும் அப்பப்பாவின் நாட்குறிப்பையும் எறியாது.

போர்க்காலச் சிறுவர்கள் பத்துச் சதத்திற்கு வாங்கிய கனடிய வெள்ளைகளை இன்று கனடாவின் தேசிய நூலகமும் ஆவணக் காப்பகமும் பேணுகின்றன. சிறுவர் புத்தகம் என்று எவரும் மதியாத காலத்தில் அதனைப் பேணியவர்களாலேயே அது இயன்றது. எமது சிறுவர் இதழ்களுக்கும் பாடசாலை மலர்களுக்கும் அத்தகையோர் எங்கே?

ஒரு வேண்டுகோள்

இறுதியாக மூன்று கருத்துகளை எமது பாடசாலைச் சமூகத்தின் முன் வைக்கின்றோம். ஒன்று, எமது பாடசாலையில் ஓர் அலுமாரியின் ஒரு தட்டைத் தமிழ்ச் சித்திரக்கதைகளுக்கு ஒதுக்குவோம். ஊருக்குப் போய் வரும் குடும்பங்கள் சேலைகளுக்கும் பலகாரத்திற்கும் இடையே இரண்டு சித்திரக்கதைகளையும் பெட்டியில் வைத்து வந்தாற் போதும், ஓராண்டில் அத்தட்டு நிரம்பிவிடும். இரண்டு, அடுத்த ஆண்டு விழாவில், கலைநிகழ்ச்சி தொடங்குமுன் ஒரு மணி நேரம் பிள்ளைகள் தமது புத்தகங்களைக் காட்டவும் மாற்றிக்கொள்ளவும் ஒரு மேசை போடுவோம். விலைபேசுதல் அங்கே வேண்டா. மாற்றுதல் மட்டும் போதும். பேசும் மொழி தமிழாக இருக்கட்டும். மூன்று, அமெரிக்க இதழ்கள் வராதபோது கனடியர் தாமே வரைந்தனர் அல்லவா? அவ்வாறே எமது பிள்ளைகள் தாமே எழுதி வரையும் ஒரு தமிழ்ச் சித்திரக்கதை அடுத்த மலரில் இரண்டு பக்கமேனும் இடம்பெறட்டும். பனிக்காலத்தில் ரொறன்ரோத் தெருவில் நடக்கும் கதையாக அது இருக்கட்டும். அதனை எழுத எம்மால் இயலாது. இங்கே பிறந்த பிள்ளைகளால் மட்டுமே இயலும்.

மாணவச் செல்வங்களே! இம்மலரை வாசித்தபின் எறிந்துவிடாதீர்கள். உறையிலிட்டு உங்கள் பெட்டியின் முதலாவது இடத்தில் வையுங்கள். குறிப்பேட்டில் அதன் பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள். எந்தப் பக்கம் பிடித்தது, எந்தப் பக்கம் அலுத்தது என்பதையும் அஞ்சாமல் எழுதுங்கள். இக்கட்டுரை அலுத்ததென்று எழுதினாலும் நாம் வருந்தோம். அதனைத் தமிழில் எழுதியிருப்பீர்கள் என்பதே எமக்கு மகிழ்ச்சி.